பேர்கனிலிருந்து சூசை அப்புவுக்கு அடித்த மணி

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் கோப்பியும் கையுமாக, நோர்வேயின் பேர்கன் நகரத்தில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தபடியே, ஊரில், கடலோரக் குருநகரில் ஒரு மனிதரைச் சாகடித்துவிட்டேன். பயப்படாதீர்கள். ஆள் சுகமாக இருக்கிறார். முன்னரைவிட நல்ல சுகம் என்று கேள்வி.

இங்கே வந்து மூன்று வருடமாகிறது. மூன்று வருடம் முடிந்தால் ஊருக்கு ஏதாவது எழுத வேண்டும் என்பது வெளிநாட்டுக்கு வந்தவர்களின் எழுதப்படாத சட்டம். எல்லோரும் பனியைப் பற்றி எழுதுகிறார்கள். பேர்கனில் பனி குறைவு. மழைதான். காலையில் மழை, மத்தியானம் மழை, இடையில் கொஞ்சம் வெளித்தால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து மேலே பார்ப்பார்கள், அப்போது மறுபடி மழை. அதை எழுதி முடித்துவிட்டேன். இனி மணியைப் பற்றி எழுதுகிறேன்.

2

முதலில் எங்கள் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை விசரி என்று நினைப்பீர்கள்.

நாங்கள் நாலு பேர். ஒருத்தி கதை சொல்லுவாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடப்போம். "முன்னாலை ஆறு ஓடுது, என்ன செய்யப் போறியள்?" என்று அவள் கேட்பாள். நீந்தலாம், பாலம் போடலாம், திரும்பி ஓடலாம். சரிவருமா வராதா என்பதைப் பகடை சொல்லும். இதை ஒரு மேசையைச் சுற்றிக் கதிரை போட்டு இருந்துதான் விளையாடுவார்களாம். எங்கள் நாலு பேருக்கும் பொதுவாக ஒரு மேசை கிடைக்காது என்பதால் அது இணையத்தில் இருக்கிறது. திரையின் நடுவில் வரைபடம், அதன்மேல் எங்கள் பொம்மைகள், மூலையில் பகடை, வலது பக்கத்தில் இசை. நான் ஒருக்காத் தட்டினால் நாலு வீட்டிலும் ஒரே நேரத்தில் கேட்கும்.

கதை சொல்லுகிறவள் ஜெனிற்றா. குருநகர்ப் பிள்ளை. கம்பஸில் என்னோடு படித்தவள். கடலுக்குள் தாழ்ந்துபோன ஒரு ராச்சியத்தை முழுசாகத் தலைக்குள் வைத்திருக்கிறாள். ஒருமுறை புயல் காட்சிக்கு வாளியில் தண்ணீர் எடுத்துவந்து மைக்குக்குப் பக்கத்தில் ஊற்றிக் காட்டி, மேசை விரிப்பையும் அம்மாவின் பொறுமையையும் நனைத்தவள்.

மற்றவன் கோபி. கரவெட்டி. அவனும் எங்கள் வகுப்புத்தான். இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறான், மிச்ச நேரம் தகப்பனோடு வெங்காயத் தோட்டம். விளையாட்டில் அவன் முத்தழகன் என்ற மாவீரன். நிஜத்தில் பல்லிக்குப் பயம்.

மூன்றாவது அபிரா. என் சித்தியின் மகள், பதினாலு வயது, பேர்கனிலேயே பிறந்தவள். விளையாட்டில் ஒரு மந்திரக்காரி. கூடவே ஒரு பூனை.

நாலாவது நான், தர்சிகா, மானிப்பாய். என்னுடைய பாத்திரம் ஒரு கெட்டிக்காரக் கள்ளி. மூன்றாம் கிழமையே கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து விழுந்து செத்துப்போனாள். பகடை அப்படி. அழுதுகொண்டு விளையாட்டை விட்டுப் போகப்போன என்னை ஜெனி மறித்தாள்.

"எடி, நீ போகாதை. நீ பாட்டுப் போடு."

அன்றிலிருந்து நான் இசைப் பொறுப்பு.

3

இசைப் பொறுப்பு என்பது லேசான வேலை என்று நினைத்தேன். உலகத்தில் எங்கேயோ சில நல்ல மனிதர்கள் இதற்கென்றே சத்தங்களைச் சேர்த்து, மனநிலை வாரியாகப் பிரித்து, பெயர் போட்டு வைத்திருக்கிறார்கள். அமைதி, பதற்றம், சோகம், சண்டை, மர்மம், வெற்றி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிளேலிஸ்ட். காட்சிக்கு ஏற்றதைத் தட்டிவிட்டுக் கோப்பி குடிக்க வேண்டியதுதான்.

முதல் நாளே பிழையாகிப்போனது. எங்கள் ஆட்கள் ஒரு காட்டுக்குள் நெருப்பு மூட்டிப் படுக்கிறார்கள். 'அமைதி'யைத் தட்டினேன். கூரையில் மெல்லிய மழை, தூரத்தில் லேசான இடி. இரண்டு நிமிடம் இருக்காது, கோபியைக் காணோம். கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. கொஞ்ச நேரத்தால் மூச்சிரைக்க வந்தான்.

"எங்கையடா போனனி?"

"முத்தத்திலை வெங்காயம் காயுது. மழை எண்டு நினைச்சு அப்பாவையும் எழுப்பிக்கொண்டு ஓடினன். வெளியிலை நெருப்பு வெயில். அப்பா இன்னும் பேசிக்கொண்டு நிக்கிறார்."

உலகத்தின் அமைதி கரவெட்டியில் அவசரம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பிறகு அரசர் செத்த காட்சி. அபிராதான் தேர்ந்தெடுத்தாள். 'சோகம்' பிரிவில் ஒரு பியானோ, மிகப் பழைய மெட்டு, ஐரோப்பாவில் பியானோ பழகும் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடம். ஜெனி குரலைத் தாழ்த்தி, "அரசரின்ரை கை மெல்லக் கீழை விழுகுது" என்றாள். பியானோ தொடங்கியது. ஜெனி சிரித்துவிட்டாள். கோபி கதிரையோடு சரிந்த சத்தம் கேட்டது.

"பாண்காரன் வந்திட்டான்!"

ஊரில் இருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாண் ரொட்டி கொண்டுவரும் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அடிப்பது அதே மெட்டுத்தான். பின்னேரம் அது ஒழுங்கைக்குள் திரும்பினால் வீட்டுக்கு ஒருவர் காசோடு வெளியே வருவார்கள். எனக்கும் வாயூறியது. இங்கே இருக்கிற பாண் உடம்புக்கு நல்லது, வேறொன்றுக்கும் நல்லதில்லை.

அபிராவுக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏன் சிரிக்கினம்? ராசா செத்தது தானே?"

விளக்கினேன். அவளுக்கு விளங்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அந்த மெட்டுக்கும் பாணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சோகம் என்று அதில் எழுதியிருக்கிறதே!

4

அபிராவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சித்தி அவளைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு விட்டுப் பார்த்தா. கவிதை மனப்பாடம் செய்யவைத்தார்கள், பேச்சுப்போட்டியில் ஏற்றினார்கள். பன்னிரண்டு வயதில், "இனிப் போகமாட்டன்" என்று நோர்வேஜிய மொழியில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் சித்தி தமிழில் கேட்பா, அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லுவாள். இரண்டு வானொலிகளை எதிரெதிரே வைத்த மாதிரி ஒரு வீடு.

நானும் பெரிய திறமில்லை. போன வருடம் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குடிவரவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அதிகாரி ஏதோ கேட்டார். ஆமாம் என்று சொல்ல, நான் ஊர்ப் பழக்கத்தில், "ஓம்" என்றேன். அவர்களுடைய மொழியில் அந்தச் சத்தத்துக்கு 'பற்றி' என்று பொருள். எதைப் பற்றி என்று சொல்லுவேன் என்று அவர் பொறுமையாகக் காத்திருந்தார். நான் இன்னும் அழுத்தமாக, "ஓம், ஓம்" என்றேன். அவரும் இன்னும் பொறுமையாகக் காத்திருந்தார். உலகத்திலேயே மிகவும் மரியாதையான மௌனம் அது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு எனக்கு விளையாட்டு மட்டுமில்லை. கிழமையில் அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் நான் யோசிக்காமல் கதைக்கிறேன். அபிராவுக்கு அதைவிடப் பெரிசு. அவள் தமிழ் கதைக்கிறதே அங்கேதான். காரணம் ஜெனி போட்ட சட்டம்: மந்திரம் தமிழில் சொன்னால்தான் பலிக்கும்.

முதல் நாள் அபிரா கையை உயர்த்தி, "நெருப்பு... அப்!" என்றாள்.

"தங்கச்சி," என்றாள் ஜெனி, "அரைவாசித் தமிழுக்கு அரைவாசி நெருப்புத்தான் வரும். பூதத்துக்கு மீசை மட்டும் கருகிப்போச்சு."

அடுத்த கிழமை அவள் ஒரு முழு வசனத்தோடு வந்தாள். "நெருப்பே எழும்பு, இந்தக் கதவை எரி!" சித்தியிடம் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறாள். சித்தி எனக்குத் தொலைபேசி எடுத்து, "என்னடி, பிள்ளை குளிக்கேக்கை நெருப்பைக் கூப்பிடுது?" என்று கேட்டா. ஆனாலும் குரலில் ஒரு சந்தோசம் இருந்தது. வகுப்புக்குக் காசு கட்டிச் செய்ய முடியாததை ஒரு பூதம் செய்துவிட்டது.

5

இனி அந்த ஞாயிறு.

எங்களுக்குக் காலை. ஊரில் பூசை கண்டு, மீன்குழம்போடு சாப்பிட்டு, எல்லோரும் ஒருக்காச் சரியும் நேரம். ஞாயிற்றுக்கிழமை குருநகரில் கடலுக்குப் போகமாட்டார்கள், ஆகவே ஆண்களும் வீட்டில். ஜெனியின் தலையில் மாட்டும் ஹெட்போனின் வயரை எலி கடித்துச் சில கிழமை. லப்ரொப்பின் சத்தம் போதாமல், அன்றைக்கு அவள் தம்பியின் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியை இணைத்திருந்தாள். பிறந்தநாள் கொண்டாட்டங்களில் முழு ஒழுங்கையையும் ஆடவைக்கும் பெட்டி அது. வைத்த இடம் யன்னலடி. யன்னல் திறந்திருந்தது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

"கடல் வத்திப்போச்சு," என்று ஜெனி தொடங்கினாள். "தாண்டு கிடந்த கோட்டை மெல்ல மெல்ல எழும்புது. வாசல் திறந்து கிடக்குது. உள்ளுக்கை ஆரோ நிக்கினம்."

'மர்மம்' பிரிவைத் திறந்தேன். முதலாவதாகவே ஒரு மணி. டாங். நீண்ட இடைவெளி. டாங். எங்கள் பக்கத்துச் சைவக் கோயில்களில் மணி என்றால் பூசை. கை தானாகக் கும்பிடும், பிறகு பஞ்சாமிர்தம் கிடைக்கும். அதில் என்ன மர்மம் என்று என் காது கேட்கத்தான் செய்தது. நான் காதை நம்பவில்லை, போட்டிருந்த பெயரை நம்பினேன்.

டாங்.

"அம்மாளாச்சி, நான் உள்ளை போகமாட்டன்," என்றார் மாவீரன் முத்தழகன்.

அப்போது ஜெனியின் பக்கத்தில் ஒரு பெண்குரல்: "ஐயோ, ஆரடி பிள்ளை?"

"அம்மா, நில்லுங்கோ, அம்மா!" ஜெனியின் கதிரை சரிந்தது. காலடிகள் தூரப் போயின. மைக் திறந்தே இருந்தது.

டாங்.

பிறகு வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஆர் போனது?"

"சூசை அப்புவாத்தான் இருக்கும். நேற்றுக் கஞ்சியும் குடிக்கேல்லையாம்."

"என்ரை ராசா! காலமைதானே தேத்தண்ணி குடுத்தனான்!"

"சங்கிலித்தாம் எங்கை? அவரைக் கேளுங்கோ."

"அந்தா ஓடி வாறார், சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு!"

"நான் அடிக்கேல்லை! நான் அடிக்கேல்லை! கயிறு அப்பிடியே தொங்குது, மணி அடிக்குது!"

"யேசுவே!"

நான் கையைத் தட்டினேன். "கோபி, பாரடா இவளை! எத்தினை குரலிலை நடிக்கிறாள்!"

"சங்கிலித்தாம் எண்டா ஆர்?" என்றான் கோபி. "புதுப் பாத்திரமோ?"

"கோயில் மணி அடிக்கிறவர். ஜெனி சொல்லியிருக்கிறாள். எப்பிடிக் கொண்டுவந்து பூட்டினாள் பார்!"

நல்ல கலைஞருக்கு நல்ல பக்கவாத்தியம் வேண்டாமா? மணியின் சத்தத்தை இன்னும் கூட்டினேன். அது போதாதென்று 'சோகம்' பிரிவிலிருந்து ஒரு பாடற்குழுவையும் எடுத்து மேலே ஏற்றினேன். ஆண்குரல்கள், இலத்தீன் மாதிரி ஏதோ. குருநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய ஒப்பாரி எழுந்தது. எவ்வளவு பொருத்தம் என்று எனக்குப் பெருமை.

"அக்கா," என்றாள் அபிரா, "இது உண்மையா?"

"இல்லையடா, ஜெனி அக்கா நடிக்கிறா."

"ஆனா ஆக்கள் அழுகினம்."

அழுகினம்! எழுவாய், பயனிலை எல்லாம் சரி! எனக்கு வந்த சந்தோசத்தில் அவள் என்ன சொன்னாள் என்பதைக் கவனிக்கவில்லை, எப்படிச் சொன்னாள் என்பதைத்தான் கவனித்தேன்.

அப்போதுதான் ஜெனி மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"எடி தர்சி! நிப்பாட்டடி! நிப்பாட்டு! எங்கடை ஒழுங்கையைச் செத்த வீடாக்கிப்போட்டாய்!"

6

குருநகரில் ஆரும் இறந்தால் கிறிஸ்தவக் கோயிலில் துக்க மணி அடிப்பார்கள். ஒன்று, இடைவெளி, ஒன்று. கேட்டவர்கள் செய்கிற வேலையை விட்டுவிட்டு ஆரென்று விசாரிப்பார்கள். மானிப்பாயிலிருந்து குருநகருக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். எத்தனையோ தரம் போயிருக்கிறேன், ஜெனி வீட்டில் கூழ் குடித்திருக்கிறேன். அந்த மணி எனக்குத் தெரியாது. அபிராவைச் சொல்லி என்ன?

மிச்சத்தை ஜெனி பிறகு சொன்னாள். ஒழுங்கைக்குள் இறங்கிய அம்மாவை மறிக்க ஓடியவள், "மணி என்ரை லப்ரொப்பிலைதான் அடிக்குது!" என்று கத்தினாளாம். செத்த வீட்டுக்கு ஓடுகிறவர்கள் லப்ரொப்பைப் பற்றிய கதை கேட்பார்களா? சனம் அதே ஒழுங்கைக் கிழவர் சூசை அப்புவின் வீட்டுக்குள் போனது. அவர் கட்டிலில் நல்ல நித்திரை. கண்ணை முழித்தால் வீடு நிறைய ஆட்கள், கண்ணீர் துடைக்கக் கையில் லேஞ்சி.

"ஆர் போனது?" என்று கேட்டாராம் அப்பு.

எல்லோரும் லேஞ்சியைச் சுருட்டி மறைத்தார்களாம்.

சனத்துக்கு முன்னாலே நின்றவர் மரியான், அப்புவின் தம்பி. ஒரு வள்ளத்து இயந்திரம் யாருடையது என்ற சண்டையில் வருடக்கணக்காகக் கதை பேச்சு இல்லை. "செத்தாலும் உன்ரை படி மிதிக்கமாட்டன்" என்று சபதம் போட்டவர். அவர்தான் முதல் ஆளாக, வெறுங்காலோடு, அழுதுகொண்டு வந்தவர்.

"நீயேன் வந்தனி?"

"நீ செத்திட்டாய் எண்டு."

"சாகேல்லை."

"அது தெரியுது."

ஒழுங்கை சிரித்ததாம். ஜெனியின் அம்மா சிரிக்கவில்லை. சனம் எல்லாம் திரும்பி வந்து அவவின் யன்னலடியில் நின்று, இன்னும் பாடிக்கொண்டிருந்த பாடற்குழுவைக் கேட்டதை அவ மறக்கத் தயாரில்லை. அன்று பின்னேரமே தீர்ப்பு வந்தது. ஒலிபெருக்கி அலுமாரிக்குள், ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு இனி அந்த வீட்டில் இல்லை.

ஜெனி இல்லாமல் விளையாட்டும் இல்லை. அந்த ராச்சியம் அவளுடைய தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. கோபி தான் கதை சொல்வதாக முன்வந்தான். பரீட்சார்த்தமாக ஒரு காட்சி சொன்னான். அது வரவரக் கணக்குப் பாடமாகப் போனது, இரண்டு புகைவண்டி எதிரெதிரே வந்தன.

அபிரா எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். விளையாட்டு முடிந்துவிட்டதா என்று. நோர்வேஜிய மொழியில்.

அதைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. புதன்கிழமை, ஜெனியின் அம்மா பிலோமினா அன்ரிக்கே நேரடியாகத் தொலைபேசி எடுத்தேன்.

"அன்ரி, தர்சி கதைக்கிறன்."

"தெரியும்."

"நான் தெரியாமல்..."

"உங்கடை மானிப்பாயிலை ஆரும் மோசம் போனால், செத்த வீட்டிலை என்ன சத்தம் கேக்கும்?"

"பறை அடிப்பினம், அன்ரி."

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உன்ரை கொம்மா சாப்பிட்டிட்டுப் படுத்திருக்கேக்கை, நான் உங்கடை கேற்றடியிலை வந்து நிண்டு பறை அடிச்சா?"

"அம்மா உங்களை உதைப்பா, அன்ரி."

"அப்ப உன்னை நான் என்ன செய்ய?"

"உதைக்கலாம், அன்ரி. ஆனா அதுக்கு விசா எடுக்கோணும். அதுக்குக் கனகாலம் செல்லும்."

அன்ரி சிரிக்கவில்லை. ஆனால் அவவுக்குப் பின்னால் யாரோ சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்கள்.

"இஞ்சை தா போனை. என்னைச் சாக்காட்டின பிள்ளையோ? நான் சூசை."

"அப்பு! மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அப்பு."

"பிள்ளை, ஊருக்கெல்லாம் கேட்ட மணி எனக்குக் கேக்கேல்லை. காது அப்பிடி. ஒருக்காப் போடு, கேப்பம்."

"அப்பு, சும்மா இருங்கோ!" இது அன்ரி.

"ஏன்? என்ரை மணியை நான் கேக்கக் கூடாதோ? பிள்ளை, தெரியுமோ, ஒழுங்கையிலை அரைவாசிச் சனம் வந்தது. செத்த வீட்டுக்கெண்டு சீனியும் தேயிலையும் கொண்டு வந்தவை, நான் திருப்பிக் குடுக்கேல்லை. மூலைக் கடைக்காரன் வரேல்லை. மனதிலை வைச்சிருக்கிறன். மரியான் இப்ப ஒவ்வொரு பின்னேரமும் வாறான். இயந்திரத்துக்குச் சண்டை பிடிக்கத்தான் வாறான். எண்டாலும் வாறான்."

போன் அன்ரியின் கைக்குத் திரும்பியது. பகிடி போதும் என்று எனக்கே பட்டது.

"அன்ரி, எனக்காகக் கேக்கேல்லை. என்ரை சித்தியின்ரை பிள்ளை ஒண்டு இஞ்சை பிறந்தது. அது தமிழ் கதைக்கிறது அந்த விளையாட்டுக்குள்ளை மட்டும்தான். ஜெனி நிப்பாட்டினால் அதுவும் நிப்பாட்டிப்போடும்."

அன்ரி போனை மற்றக் காதுக்கு மாற்றுவது கேட்டது.

"ஆர், அந்த மந்திரக்காரியோ?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"குசினிக்குள்ளை நிண்டா கேக்கும் தானே. பூனைக்கும் 'அவர்' எண்டு மரியாதை குடுத்துக் கதைக்கிற பிள்ளை." பிறகு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல, குரலைத் தாழ்த்திக் கேட்டா: "அந்தக் கோட்டைக்குள்ளை நிண்டது ஆரடி? ஜெனியைக் கேட்டா சொல்லுறாள் இல்லை. விளையாட விட்டால்தான் சொல்லுவாளாம்."

7

நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஒரு சத்தமும் பிலோமினா அன்ரியின் காதைத் தாண்டாமல் மேசைக்கு வரக் கூடாது. குடிவரவு அலுவலகத்தையே கண்ட எனக்கு இது என்ன பெரிசு என்று நினைத்தேன். அங்கே இவ்வளவு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அன்ரி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜெனிக்குப் பக்கத்தில் அமர்ந்தா. நான் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன்.

ஓநாய் ஊளையிட்டது. "உது பக்கத்து வீட்டு நாய். அதுக்கு ஆர் பயப்பிடுவினம்? தள்ளு."

அலைகள் பாறையில் மோதின. "இது ஆரின்ரை கடல்? சண்டைக்கு வாற மாதிரி. எங்கடை கடல் உப்பிடிக் கத்தாது. தள்ளு."

சண்டை மேளம். "ம். இது இருக்கட்டும்."

மழையைக் கோபி முன்கூட்டியே கெஞ்சித் தள்ளிவிட்டான்.

கடைசியில் வாசலடிக்கு வந்துவிட்டோம். கோட்டை திறந்து கிடக்கிறது, உள்ளுக்குள் யாரோ நிற்கிறார்கள். 'மர்மம்' முழுவதும் கழிந்துவிட்டது, 'பதற்ற'த்திலும் ஒன்றும் மிச்சமில்லை.

"அன்ரி, அப்ப பயத்துக்கு என்ன போட?"

"ஒண்டும் போடாதை," என்றா அன்ரி. "வள்ளம் வரப் பிந்தின நாளிலை நாங்கள் றேடியோவையும் நிப்பாட்டிப்போடுவம். ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். அதுதான் பயம்."

எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

நாலு வீடும் அப்படியே கேட்டது. என் யன்னலில் மழை. கரவெட்டியில் ஒரு காகம். குருநகரில் சுற்றும் மின்விசிறி. ஜெனி ஒன்றும் சொல்லவில்லை. கோபி மூச்சு விடுவது கேட்டது.

அபிரா மெல்லச் சொன்னாள்: "நான் முன்னுக்குப் போறன். எனக்குப் பயம். எண்டாலும் போறன். பூனை, நீங்களும் வாங்கோ."

ஜெனி மூச்சை இழுத்தாள். "உள்ளை ஒரு விளக்கு எரியுது. விளக்குக்குப் பின்னாலை நிக்கிறது..."

அப்போது குருநகர் ஒழுங்கைக்குள், தூரத்திலிருந்து கிட்டக் கிட்ட, அந்தப் பியானோ மெட்டு.

"பாண்காரன்!"

முதலில் கத்தியது கோபியுமில்லை, ஜெனியுமில்லை. அபிரா.

"பொறுங்கோ," என்று எழும்பினா அன்ரி. "ஒருத்தரும் உள்ளை போகப்படாது. ஜெனி, நீ வாயைத் திறக்காதை. நான் பாண் வாங்கிக்கொண்டு வாறன்."

கோட்டைக்குள் யார் நின்றார் என்று இங்கே எழுத மாட்டேன். சூசை அப்புவுக்கு அன்ரி சொல்லிவிட்டா, அவர் மரியானுக்குச் சொல்லிவிட்டார், இப்போது இரண்டு பேரும் அதற்கும் சண்டை.

8

இதை எழுதத் தூண்டியது போன கிழமை வந்த சித்தியின் தொலைபேசி.

"தர்சி, இவளுக்கு என்ன பழக்கிவைச்சிருக்கிறாய்? பள்ளிக்கூடத்திலை இருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கு."

சங்கீத பாடத்தில் ரீச்சர் பியானோவில் ஏதோ பழைய மெட்டு ஒன்றை வாசித்தாராம். இந்த இசை உங்களுக்கு என்ன உணர்வைத் தருகிறது என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டாராம். ஒரு பிள்ளை சோகம் என்றதாம். ஒரு பிள்ளை இலையுதிர்காலம் என்றதாம். ஒரு பிள்ளை தனிமை என்றதாம்.

"இவள் 'பசி' எண்டிருக்கிறாள்! இப்ப அவை கேக்கினம், பிள்ளைக்குக் காலமைச் சாப்பாடு குடுக்கிறனியளோ எண்டு. வீட்டிலை ஏதும் பிரச்சினையோ எண்டு. வந்து கதைக்கட்டாம். நான் என்னத்தைச் சொல்ல? அந்தப் பாட்டுக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம்?"

சித்தி ஊரை விட்டு வெளிக்கிட்டு முப்பது வருடம். அந்தக் காலத்தில் பாண் சைக்கிளில், பெட்டிக்குள் வந்தது, பாட்டோடு வரவில்லை. நான் விளக்க வாயெடுப்பதற்குள், போனுக்குப் பின்னால், குசினிப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. நல்ல தெளிவான, கொஞ்சம் அலுத்துக்கொண்ட குரல்.

"அம்மா, உங்களுக்கு ஒண்டும் தெரியாது. அது பாண்காரன்."